மலையின் அழகும் தீயின் ஆபத்தும்: விதி எது, நம் பொறுப்பு எது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பிடித்தது. வீட்டார் உள்ளேயே இருந்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். விதி முடிந்தது என்று சொல்லி நிறுத்தவில்லை. அந்த வீட்டார் என்ன பாவம் செய்தார்களோ என்று கேட்கவும் இல்லை. நெருப்பு உங்களுக்குப் பகை, ஆகவே உறங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள். அபூ மூஸா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஜாபிர் (ரலி) வழியாக வரும் மற்றோர் அறிவிப்பில் காரணமும் வருகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டாரை எரித்துவிடலாம் என்பது. எலி, திரி என்று இவ்வளவு சின்ன விஷயங்கள் வரை அல்லாஹ்வின் தூதர் இறங்கி வந்து பேசியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள்.

குரங்கணியில் நடந்தது

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. பெரும்பாலும் இளம் வயதினர், பாதிக்கு மேல் பெண்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொழுக்குமலை என்பது ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம். அங்கே விடியலைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். அழகில் குறை சொல்ல முடியாத இடம்.

மலைச்சரிவு முழுக்கக் காய்ந்த புல். தீ வந்தது. காற்றும் வந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் அங்கேயே, சிலர் மதுரையிலும் மற்ற ஊர்களிலும் மருத்துவமனைகளில் நாட்கணக்கில் போராடிய பிறகு. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோ வீரர்கள் வந்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பே மலையில் ஏறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கத் தொடங்கியவர்கள் அந்த மலையடிவார மக்களும் வனத்துறை ஊழியர்களும்தான்.

தீயைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். நமது திருக்கனூர் தட்டையான பூமி. இங்கே கொல்லையில் தீப்பிடித்தால் பெரும்பாலும் ஓடித் தப்பிவிடலாம். மலையில் அப்படியல்ல. சூடு மேல்நோக்கி எழும்பும். கீழே எரியும் தீ மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு ஒவ்வொரு பத்து பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது தீயணைப்போர் கையில் வைத்திருக்கும் கணக்கு. பகலில் பள்ளத்தாக்கின் காற்றும் மேல்நோக்கியே வீசும். ஆகவே தீயைக் கண்டு மலைமேல் ஓடுகிற மனிதன், தன்னைவிட வேகமாக ஓடும் ஒன்றோடு பந்தயம் வைக்கிறான். புல் இல்லாத வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருநிலம் இவைதான் அடைக்கலம். இது தெரியாமல் அந்தப் பிள்ளைகள் மலைக்குப் போனது அவர்கள் குற்றமா?

இப்படிப்பட்ட விபத்து நடந்தவுடன் நம்மிடையே இரண்டு பேச்சு எழும். பெண் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை என்பது ஒன்று. அவர்கள் விதி அவ்வளவுதான் என்பது இன்னொன்று. முதல் பேச்சுக்கு நான் அதிகம் இடம் கொடுக்க விரும்பவில்லை. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து போனபோது எழுந்து நின்றவர் நம் நபி (ஸல்). இவர் யூதரல்லவா என்று கேட்கப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற பொருளில் திருப்பிக் கேட்டவர். எரிந்துபோன பிள்ளையின் மேல் குற்றம் தேடுவது அந்த நபியின் உம்மத்துக்கு அழகல்ல. இரண்டாவது பேச்சுதான் ஆழமானது. அதைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விதி என்று சொல்வது எப்போது உண்மை, எப்போது சாக்கு?

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கிறது. இதில் முஃமினுக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் இதே வார்த்தையை நாம் எந்த நேரத்தில், யாரைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தால் அது ஸப்ர். அவளுக்குக் கூலி உண்டு. அதே வார்த்தையை, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவரோ, பாதையைக் காக்க வேண்டியவரோ, அனுமதிச் சீட்டு கொடுத்தவரோ சொன்னால் அது ஸப்ர் அல்ல. பொறுப்பைக் கழற்றிப் போடுவது. வார்த்தை ஒன்றுதான், வாய் வேறு.

தீயில் எரிந்து இறக்கும் முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. இதுவும் அப்படித்தான். இழந்தவர்களின் நெஞ்சுக்கு ஆறுதலாக வந்த செய்தி அது. நெருப்பை அணைக்காமல் படுத்தவனுக்கு நற்சான்றாக அதைக் காட்ட முடியாது.

கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் உறங்குபவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் அபூதாவூதில் காணலாம். அப்படிப்பட்டவரின் பாதுகாப்புப் பொறுப்பு விலகிவிட்டது என்ற கருத்தில் வருகிறது. கோடை இரவில் மாடியில் படுப்பது நமக்குப் பழக்கமான சுகம். காற்று வரும், வானம் தெரியும். மாடியில் படுக்காதே என்று மார்க்கம் தடுக்கவில்லை. சுவர் கட்டிவிட்டுப் படு என்கிறது. மலைக்கும் அழகுக்கும் அதே அளவுகோல்தான்.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் சிரியாவில் கொள்ளைநோய். உமர் (ரலி) அவர்கள் அந்தப் பக்கம் பயணப்பட்டு 'ஸர்க்' என்ற இடம் வரை வந்துவிட்டார்கள். நோய் பரவிய செய்தி கிடைத்ததும் ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு இது உறுத்தியது. அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம் என்பதே உமர் (ரலி) அவர்களின் பதில். அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம் நம் தலைப்புக்கென்றே சொன்னது போல இருக்கும். இரண்டு சரிவு உள்ள ஒரு பள்ளத்தாக்கு. ஒன்று பசுமை, மற்றது வறட்சி. ஒட்டகத்தைப் பசுமையான சரிவில் மேய்த்தாலும் வறண்ட சரிவில் மேய்த்தாலும் அது விதிக்கு உட்பட்டதே. அப்படியிருக்க எந்த மேய்ப்பன் வறண்ட பக்கம் ஓட்டிப் போவான்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் போக வேண்டாம், இருக்கும் ஊரிலிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியைச் சொன்ன பிறகு உமர் (ரலி) அவர்களின் மனம் நிம்மதியடைந்தது.

பெரும்பாலான பயான்களில் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் இதற்குப் பின்னால் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. உமர் (ரலி) மதீனா திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) தம் படையோடும் மக்களோடும் அங்கேயே தங்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் கடிதம் எழுதி அழைத்தும், என் ஆட்களை விட்டுவிட்டு நான் மட்டும் வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். அந்த நோயிலேயே இறந்தார்கள். சுவர்க்கத்துக்கு நற்செய்தி கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் அவர்கள். திரும்பிப் போனவரையும் வரலாறு குறை சொல்லவில்லை, தங்கி இறந்தவரையும் குறை சொல்லவில்லை. வெளியிலிருந்து உள்ளே போக இருந்தவருக்கு ஒரு கடமை. உள்ளே மக்களோடு வாழ்ந்தவருக்கு வேறு கடமை.

பார்க்கப் போகிறவரும் அங்கேயே வாழ்கிறவரும்

இந்த வேறுபாட்டை மனதில் வைத்து மலையைப் பாருங்கள். எரியும் மலையில் வாழ்வது முட்டாள்தனமல்லவா, அவர்கள் இறங்கி வந்துவிடலாமே என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்வது மிக எளிது. இறங்கி எங்கே வருவார்கள்? தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக லைன் வீட்டில் வாழ்கிற தொழிலாளிக்கு வேறு ஊர் கிடையாது. காட்டுக்குள் வாழும் பழங்குடி மக்களுக்கு அது சுற்றுலாத் தலம் அல்ல, வீடு. நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரியையும் கடலூரையும் புரட்டிப் போட்டது. 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையில் சங்கராபரணி கரை புரண்டது. நாம் ஊரை விட்டுப் போய்விட்டோமா? யாராவது வந்து, புயல் வரும் கரையில் ஏன் வாழ்கிறீர்கள் என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த சங்கராபரணியே செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்துதான் நம் மண்ணாடிப்பட்டு கொம்யூன் பக்கம் வருகிறது. மலை நமக்குத் தொலைவில் இருக்கிறதே தவிர அந்நியம் அல்ல.

அங்கேயே வாழ்பவர்களிடம் தீயைப் பற்றிய அறிவும் உண்டு. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில் வாழும் சோலிகர் மக்கள், கோடை முற்றுவதற்கு முன்பே தரையில் கிடக்கும் சருகுக்குச் சிறு தீ வைத்து எரித்துவிடும் பழக்கம் வைத்திருந்தார்கள். சருகு குறைவாக இருக்கும்போது எரிந்தால் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. மரங்கள் பிழைக்கும், புல் துளிர்க்கும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் நின்றது. பின்னர் உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவியது. அந்தப் புதர் காய்ந்தால் தீ தரையிலிருந்து மரத்தின் கிளை வரை ஏறுவதற்கு ஏணிபோல் ஆகிவிடுகிறது. சிறு தீயைத் தடுத்துத் தடுத்துப் பெருந்தீக்கு விறகு சேர்த்துவிட்டோமோ என்ற கேள்வியை ஆய்வாளர்களே இன்று எழுப்புகிறார்கள். எல்லா மலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சோலைக்காட்டில் வைக்கும் தீ வேறு, புல்வெளியில் வைக்கும் தீ வேறு. தெரிந்தவரிடம் கேட்காமல் மேலிருந்து உத்தரவு போட்டால் நல்லெண்ணமும் கெடுதலாக முடியலாம் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியாவிட்டால் அறிந்தவரிடம் கேளுங்கள் என்று கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம்.

வாழ்கிறவருக்கும் பார்க்கப் போகிறவருக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அழகை விற்பவர். சரிவில் ரிசார்ட் கட்டுகிறவர், மனை பிரித்து விற்கிறவர், பயணம் ஏற்பாடு செய்து காசு வாங்குகிறவர். இவர் விற்கும் பொருளில் ஒரு குறை இருக்கிறது, அது தீ. வியாபாரத்தில் குறையை மறைப்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகச் சொன்னார்கள் என்பது தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸில் தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்தது. மலை வியாபாரத்தில் மேலே பனிமூட்டத்தின் படம், உள்ளே காய்ந்த புல். குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, மலையேற்றத்துக்கு விதிமுறைகளும் அதே 2018இல் வந்தன. இப்போது அரசே குறிப்பிட்ட பாதைகளை அறிவித்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. தீக்காலத்தில் அந்தப் பாதைகளை மூடுகிறது. மூடியிருக்கும்போது வேறு வழி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

சுவர்க்கம் என்று பெயர் வைத்த ஊர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மலையடிவாரக் காட்டுக்குள் ஓர் ஊர். பெயர் பாரடைஸ், அதாவது சுவர்க்கம். பைன் மரங்கள், குளிர்ந்த காற்று, நகரத்தைவிடக் குறைந்த விலையில் வீடு. ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறையப் பேர் அங்கே குடியேறினார்கள். தீ ஆபத்து அவர்களுக்குத் தெரியாததல்ல. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெளியேற்றும் திட்டம்கூட வைத்திருந்தார்கள். 2018 நவம்பர் 8 காலையில், அதாவது குரங்கணி நடந்த அதே ஆண்டில், பல மாதம் மழை காணாத காட்டில் பலத்த காற்றோடு தீ வந்தது. திட்டம் போட்டவர்கள் நினைத்ததைவிட வேகமாக வந்தது. சாலைகள் அடைத்துக்கொண்டன. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 266ஆம் வசனத்தில் ஒரு மனிதர் வருகிறார். பேரீச்சையும் திராட்சையும் நிறைந்த தோட்டம், கீழே ஓடும் ஆறுகள், எல்லாக் கனிகளும். அவருக்கு முதுமை வந்துவிட்டது, பிள்ளைகளோ பலவீனமானவர்கள். அந்த நேரத்தில் நெருப்புச் சுழற்காற்று வந்து தோட்டம் எரிந்துபோகிறது. இது நல்லமல்களைப் பாழாக்கிக்கொண்டவனுக்கான உவமை என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியிருக்கிறார்கள். உவமையின் பொருள் அதுதான், அதை நான் மாற்றவில்லை. ஆனால் அந்த உவமை ஏன் நெஞ்சைப் பிசைகிறது? எரிந்தது தோட்டம் மட்டுமல்ல, மறுபடி நட்டு வளர்க்கும் வயதும் போய்விட்டது. இருபத்தைந்து வயதில் வீடு எரிந்தவன் மறுபடி கட்டுவான். எழுபத்தைந்து வயதில் எரிந்தவர் என்ன செய்வார்? ஆகவே மலையூரில் தீ வந்தால் முதலில் யாரை வண்டியில் ஏற்றுவது என்ற கேள்விக்குக் குர்ஆனே திசை காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

பாரடைஸ் தீ எதனால் பிடித்தது தெரியுமா? மலைவழியே போகும் உயரழுத்த மின்பாதையில் தேய்ந்துபோன ஓர் இரும்புக் கொக்கி அறுந்தது. அந்தப் பாதை ஏறத்தாழ நூறு ஆண்டுப் பழையது. பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின் நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் 84 பேரின் சாவுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு கொக்கி! மதீனாவின் எலியும் திரியும் உங்களுக்கு நினைவு வருகிறதா?

நம் கொல்லையில் வைக்கும் தீ

இதுவரை தூரத்து மலைகளைப் பேசினோம். இந்தியக் காடுகளில் பிடிக்கும் தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதக் கையால் வருபவை. அணைக்காத பீடி, மேய்ச்சலுக்காக வைத்த தீ, சருகைக் கொளுத்தியது, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு நாட்கணக்கில் எரிந்து, விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்ற வேண்டியதாயிற்று.

நமது பக்கம் கரும்பு வெட்டிய பிறகு சோகையைக் கொளுத்துகிறோம். ஆள் கூலி கட்டுப்படியாகாத விவசாயிக்கு அது எளிய வழி, எனக்குப் புரிகிறது. காற்று திரும்பிப் பக்கத்துக் கொல்லையின் நிற்கும் கரும்பு எரிந்துபோனால்? இந்தக் கேள்வியை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே எடுத்துப் பேசிவிட்டார்கள். இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் 'அல்முக்னீ'யில் இதன் சட்டம் இருக்கிறது. தன் நிலத்தில் வழக்கமான அளவில், கவனத்தோடு தீ வைத்தவர், எதிர்பாராமல் அது பரவினால் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி அல்ல. பலத்த காற்று வீசும்போது வைத்தாலோ, பரவியே தீரும் அளவுக்குப் பெரிதாக மூட்டினாலோ அவர் பொறுப்பாளி, ஈடு கொடுத்தாக வேண்டும். தீ வைத்தவன் பரவ வேண்டும் என்று நினைத்தானா என்று மட்டும் சட்டம் பார்க்கவில்லை. அவன் காற்றைப் பார்த்தானா என்றும் பார்க்கிறது. மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சோகையைப் பாருக்கு நடுவில் மூடாக்காகப் பரப்பிவிட்டால் ஈரம் காக்கும், மக்கி உரமாகும். கட்டைக் கரும்பு விடுகிறவர்களுக்கு இது இன்னும் நல்லது. கட்டாயம் கொளுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் காற்றில்லாத வேளையில், நாலு பக்கமும் சுத்தம் செய்து, பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் மோட்டாரைத் தயாராக வைத்துவிட்டுக் கொளுத்துங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவருக்கு அண்டை வீட்டாரின் உரிமை உண்டு.

கப்பல் ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம். கீழ்த்தட்டில் இருந்தவர்கள் மேலே போய்த் தண்ணீர் எடுப்பது தொந்தரவு என்று தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது உண்மை. அந்தத் தேவையை மேல்தட்டுக்காரர்கள் கவனிக்காமல் இருந்தார்கள் என்பதும் அந்த உவமைக்குள் இருப்பதாகவே நான் படிக்கிறேன். மாட்டுக்குப் புல் வேண்டி மலைச்சரிவில் தீ வைக்கும் மேய்ப்பரை நாம் சபித்தால் போதுமா? கோடையில் அவர் மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்று யார் கேட்டார்கள்?

தீயைவிட வேகமாகப் பரவுவது

அல்ஜீரியாவில் கபீலியா என்று ஒரு மலைநாடு. ஆலிவ் தோப்புகளும் மலைமேல் கிராமங்களும் நிறைந்த முஸ்லிம் பகுதி. 2021 ஆகஸ்டில் அங்கே காட்டுத்தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள். அவர்களில் 30க்கும் மேற்பட்டோர் மக்களைக் காப்பாற்றப் போன ராணுவ வீரர்கள். தீயை அணைக்க உதவ வேண்டும் என்று மிலியானா என்ற வேறு ஊரிலிருந்து ஓர் இளைஞர் கிளம்பி வந்தார். வெளியூர்க்காரன், இவன்தான் தீ வைத்தவன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கூட்டம் அவரைப் போலீஸ் வண்டியிலிருந்து இழுத்து அடித்துக் கொன்று, உடலை எரித்தது. அணைக்க வந்தவரை எரித்துவிட்டார்கள். பலர் அதைக் கைபேசியில் படம் வேறு எடுத்தார்கள். பிறகு விசாரணை நடந்தது, பலருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த இளைஞரின் தந்தை பழிவாங்கும் பேச்சு பேசவில்லை, இரு தரப்பு மக்களும் சகோதரர்களாக அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எத்தனை பெரிய மனது! ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்பு வருந்தாதீர்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை அந்த மலையிலும் எல்லோரும் ஓதியிருப்பார்கள்.

நம் கைபேசிக்கும் ஒரு பேச்சு வந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மலையோரப் பகுதிகள் எரிந்தபோது, இது அமெரிக்காவுக்கு அல்லாஹ்வின் தண்டனை என்று எத்தனை ஃபார்வர்டு! காஸாவின் பிள்ளைகளுக்காக நம் நெஞ்சு எரிகிறது, அது நியாயமான வேதனை. ஆனால் அந்தத் தீயில் அல்டடீனா என்ற ஊரில் மஸ்ஜிதுத் தக்வா என்ற பள்ளிவாசலும் எரிந்து சாம்பலானது. அந்த ஃபார்வர்டை அனுப்பியவர் இதற்கு என்ன விளக்கம் சொல்வார்? ஒரு குறிப்பிட்ட தீயைக் காட்டி, இது இன்னாருக்கான தண்டனை என்று சொல்ல வஹீ வேண்டும். நம்மிடம் அது இல்லை. மேகமும் காற்றும் கிளம்பினால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும், உள்ளேயும் வெளியேயும் நடப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மக்கள் மழை வருகிறதென்று மகிழ்கிறார்களே என்று கேட்டபோது, ஆது சமூகத்தார் கண்ட மேகத்தைப் போல இருந்துவிடுமோ என்ற அச்சத்தைச் சொன்னார்கள். அந்த அச்சம் தம்மையும் தம் மக்களையும் பற்றியது. நமக்கோ அடுத்தவன் வீடு எரியும்போதுதான் தண்டனை நினைவு வருகிறது.

கோடை வருகிறது

பிப்ரவரியில் தொடங்கி மே வரை மலை காய்ந்திருக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அதன் கடைசியில்தான் வருகிறது. நம் திருக்கனூரிலிருந்தும் வில்லியனூர், பாகூர் பக்கமிருந்தும் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வேன்கள் கிளம்பும். போக வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அல்லாஹ்வின் பூமியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்கப்படுவார் என்ற ஹதீஸ் அந்த வேனில் முன்சீட்டில் உட்காரும் பெரியவருக்கும் உண்டு.

போகிற ஊரில் வனத்துறை அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கம் புகை இருக்கிறது? செயற்கைக்கோள் மூலம் தீ இருக்கும் இடத்தை அறிந்து வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு இந்திய வன அளவை நிறுவனத்திடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆகவே அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கோடைக்காகவே எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர் ஒருவர், அநேகமாக அதே மலையைச் சேர்ந்தவராக, பழைய சட்டையும் கையில் ஒரு கிளையுமாகப் பாதையில் நிற்பார். அவர் போகாதீர்கள் என்றால் திரும்பிவிடுங்கள். நூறு ரூபாயை அவர் கையில் திணித்து உள்ளே போவது லஞ்சம் மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உயிரை வைத்து ஆடும் சூதாட்டமும்கூட. தண்ணீர் பாட்டிலோடு பருத்தித் துணி எடுத்துப் போங்கள். நைலான், பாலியஸ்டர் உடை தீயில் உருகித் தோலோடு ஒட்டும். புகை பிடிக்கிறவர் வேனில் இருந்தால், அந்தப் பழக்கத்தைப் பற்றி வேறு ஒரு ஜுமுஆவில் பேசுவோம், ஆனால் மலையில் அவர் துண்டை ஜன்னல் வழியே எறியாமல் பார்த்துக்கொள்வது டிரைவர் பக்கத்தில் இருப்பவரின் வேலை.

இரவு தங்கும் இடத்தில் கேம்ப் ஃபயர் என்று சொல்லி விறகு அடுக்கித் தருவார்கள். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். காற்று அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்றில்லாமல் மூட்டினால், முடிந்ததும் கங்கின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்தால் சூடு தெரியாத அளவுக்குச் சாம்பல் குளிர்ந்த பிறகே எல்லோரையும் படுக்க அனுப்புங்கள்.